பிழையின் அகலம்

தேசம்மா, நாற்பத்தேழு, வீராம்பட்டினம்.
பங்கேற்பாளர் எண் அறுபத்திரண்டு.
கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்.
மையோடு ஒட்டிக்கொண்ட ஒரு மீன்செதில்
படிவத்தில் இன்னும் மினுங்குகிறது.

முதல் நாள் இடுக்கி.
கையின் பின்புறம் தோலைக் கிள்ளித் தூக்கி
முள் அடங்க இரண்டு நொடி எண்ணினேன்.
பிறகு தோள்பட்டைக்குக் கீழே,
பிறகு இடுப்பெலும்புக்கு மேலே.
என் கணக்கில் இருபத்தொன்பது சதவீதம்.
பிலோமினும் அங்கேதான் கிள்ளினாள்,
நான் வைத்த மைப்புள்ளியின் மேலேயே.
முப்பத்திமூன்று.
"அவ விரல்ல பிடி வேற" என்றாள் தேசம்மா,
அடுத்தவர் தராசைப் பார்க்கும் கண்ணோடு.

மறுநாள் வெறுங்காலோடு மின்தராசு.
உணர முடியாத மின்சாரம்
ஒரு பாதத்தில் ஏறி மறு பாதத்தில் இறங்கும்.
நீருள்ள சதையில் ஓடும், கொழுப்பில் தயங்கும்.
விடியலில் முப்பத்தொன்று.
பெரிய மார்க்கெட்டில் வியாபாரம் முடித்து
நா வறண்டு வந்து ஏறியபோது
முப்பத்தாறு.
"வெயிலத் தின்னு பெருத்துட்டேன்போல."

தண்ணீர்த் தொட்டியை நம்பலாம் என்று
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
நாற்காலியோடு மூழ்க வேண்டும்,
உள்ளிருக்கும் காற்றையெல்லாம் ஊதித் தீர்க்க வேண்டும்,
அசையக் கூடாது.
மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும்
கன்னத்தை உப்பிக்கொண்டு உள்ளே போனாள்.
ஒரு குமிழி வரவில்லை.
தலையைத் துவட்டியபடி சொன்னாள்:
"தண்ணிக்குள்ள போயி மூச்ச விடுன்னு
எங்க ஊர்ல யாரும் யாருக்கும் சொன்னதில்லம்மா."
நாற்பத்தொன்று.
விடாத மூச்சைக்
கொழுப்பு என்று எழுதிக்கொண்டது தொட்டி.

வெள்ளிக்கிழமை கதிர்ப்பட மேசை.
கழற்ற மாட்டேன் என்ற தாலியை
எலும்பு என்று எழுதிக்கொண்டது அது.
முப்பத்திநான்கு புள்ளி இரண்டு.
புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் இருந்தால்
நம்பத் தோன்றுகிறது.

"இதுல எதும்மா நெசம்?"

சொல்லத் தொடங்கினேன்.
இதைச் சரிபார்த்தது அதைக் கொண்டு,
அதைச் சரிபார்த்தது வேறொன்றைக் கொண்டு,
அடிவரை போனால்
ஏதோ குளிர்தேசத்து மேசையில் என்றோ அறுத்த
விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிணங்கள்.
அவற்றில் எதுவும் தலையில் கூடை சுமந்திருக்காது.

"அட, அறுத்தாத்தான் தெரியும்ங்கிற.
நான் தெனம் அதத்தானே பண்றேன்."

அன்றிரவு வரைபடம் போட்டேன்.
தொட்டிக்கும் மேசைக்கும் உள்ள சராசரி கிடையில்,
வித்தியாசம் நெடுக்கில்.
நடுவே ஒரு கோடு,
மேலும் கீழும் பிழை எல்லைகள்.
அறுபத்தொரு பேர் உள்ளே நெருக்கியடித்து நிற்க
ஒரு புள்ளி மட்டும் வெளியே, மேலே,
மூச்சடக்கிக்கொண்டு.

"எடுத்துடு, படம் சுத்தமா இருக்கும்"
என்றார் வழிகாட்டி, கண்ணாடியைத் துடைத்தபடி.
எடுக்கவில்லை.
அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் சேர்த்தேன்:
எண் 62, முழுதும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில்
மத்தி ஒரு கிலோ கேட்டேன்.
கட்டைவிரலால் வயிற்றை அமுக்கினாள்.
"நெய் ஏறல." தள்ளிவைத்தாள்.
அடுத்தது. "இதுல இருக்கு."
அரிவாள்மணையில் இழுத்துக் காட்டினாள்,
வயிற்றோரம் வெள்ளையாய், தடிப்பாய்.
அதற்கடுத்தது. "இதுலயும்."
இழுத்தாள்.
இல்லை.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.
"தப்பு" என்று சொல்லி
அதையும் தராசில் போட்டாள்.